சுருங்காத காற்று

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகிற சாலையில், இருபது கிலோமீட்டர் அளவில் வருகிறது பூம்பாறை. மேட்டிலிருந்து பார்த்தால் சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். அவற்றின் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்குக்கு வேண்டும்.

இங்கிருந்து வடக்கே, நேர்கோட்டில் அளந்தால் சுமார் 90 கிலோமீட்டரில், சூலூர் விமானப்படைத் தளம். 2020 மே 27 அன்று அங்கே 18ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது. இதே ஸ்குவாட்ரன் 1971இல் ஓட்டியது நாட் என்ற குட்டிப் போர் விமானத்தை. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே, தன்னைவிட எண்ணிக்கையில் அதிகமான பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு ஒரு நாட் விமானத்தில் தனியாக மோதி உயிர் துறந்தவர் நிர்மல்ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அந்த நாட் விமானத்தை ஐந்தில் ஒரு பங்கு அளவில், பூம்பாறையில் ஒரு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கையாலேயே செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் வருகிற கிட் கிடையாது. அச்சில் வார்த்த பாகங்கள் கிடையாது. வரைபடம் முதல் ஆணி வரை எல்லாம் நாமே. இதை ஏன் ஓர் அறிவியல் நூலில் சொல்ல வேண்டும்? நீளத்தை ஐந்தால் வகுப்பது எளிது. அந்த ஒரே வகுத்தலில் பரப்பும் எடையும் வலுவும் வேகமும் நேரமும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன. காற்றோ சுருங்குவதே இல்லை. இத்தனையையும் ஒருசேரப் பிடித்துவைக்க முடியாது என்பதால், மாதிரி செய்கிறவர் எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுகளுக்குள்தான் இயற்பியல் இருக்கிறது.

அளவெடுத்தல்

நாட் விமானத்தை வடிவமைத்தவர் டெடி பெட்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். போர் விமானங்கள் ஆண்டுக்காண்டு கனத்துக்கொண்டும் விலையேறிக்கொண்டும் போவதைப் பொறுக்காமல், சின்னதாக, எளிதாகச் செய்யக்கூடியதாக ஒன்றை வரைந்தார். 1955 ஜூலை 18 அன்று நாட் முதன்முதலில் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை அதைப் போர் விமானமாக ஏற்கவில்லை. பயிற்சி விமானமாக மாற்றி எடுத்துக்கொண்டது. இந்தியா போர் விமானமாகவே வாங்கியது, பெங்களூரு எச்.ஏ.எல். உரிமம் பெற்றுத் தயாரித்தது. இறக்கை நுனிக்கு நுனி 6.73 மீட்டர், நீளம் சுமார் 8.7 மீட்டர். வெளித்தொட்டிகள் இல்லாமல் பறக்கும்போது எடை ஏறத்தாழ 3,000 கிலோ. எதிரே வந்த சேபரின் எடையில் பாதிகூட இல்லை.

டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு நாட் நிற்கிறது. அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்து அளந்துவிடலாம் என்று தோன்றும். விமானத்துக்கு நேர் பக்கத்தில், நடுக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். நம் பக்கத்து இறக்கை நுனி நமக்கு 6.6 மீட்டரில்தான் இருக்கும். ஆகவே அது உடற்பகுதியைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகப் படத்தில் விழும். அந்தப் படத்தை நம்பி வரைந்தால் விமானம் கோணலாகத்தான் வரும். 50 மீட்டர் தள்ளிப்போய் நெடுந்தொலைவு லென்ஸில் எடுத்தால் இதே பிழை 7 சதவீதமாகக் குறையும். அதனால்தான் மாதிரி செய்வோர் படத்தை வடிவத்துக்கும், அளவுநாடாவை எண்ணுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்துகிறார்கள்.

உண்மையான விமானத்தின் பக்கத்தில் நிற்பது எவ்வளவு கற்றுத்தரும் என்பதற்குத் தமிழர்களுக்குத் தெரிந்த சாட்சி ஒருவர் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது அங்கே வைத்திருந்த ஓய்வுபெற்ற விமானங்கள் இரண்டும் தன்னை இழுத்துக்கொண்டன என்று அப்துல் கலாம் தன் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். அந்த ஈர்ப்பில்தான் அவர் வானூர்திப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்.

பூண்டுக் கணக்கு

இனி முதல் வகுத்தல். 1:5 என்றால் இறக்கை 1.35 மீட்டர், நீளம் 1.75 மீட்டர். வீட்டு மேசையில் கொள்ளும். ஆனால் இறக்கையின் பரப்பு ஐந்தில் ஒன்றாகாது; நீளமும் அகலமும் சேர்ந்து சுருங்குவதால் 25இல் ஒன்றாகும். 12.7 சதுர மீட்டர் இருந்தது அரைச் சதுர மீட்டராகும். எடை இன்னும் மோசம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 125இல் ஒன்று. 3,000 கிலோ 24 கிலோவாகிவிடும்.

இந்தக் கணக்கு பூம்பாறைக்குப் புதிதில்லை. குறுக்களவில் பாதியாக இருக்கிற பூண்டு எடையில் பாதி இருக்காது. எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் தோலின் பரப்பு நான்கில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே ஒரு கிலோ பொடிப்பூண்டை உரித்தால் ஒரு கிலோ பெரும்பூண்டைவிட இரண்டு மடங்கு தோல் குவியும். சின்னப் பொருளுக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு எப்போதும் அதிகம்.

கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதை எலும்பை வைத்து விளக்கினார். விலங்கு பெரிதாகப் பெரிதாக எடை மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதைத் தாங்குகிற எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ இருமடிப் பெருக்கத்தில்தான் ஏறும். அதனால் பெரிய விலங்கின் எலும்பு, அளவுக்கு மீறித் தடிமனாக இருந்தாக வேண்டும். நம் மாதிரியில் இதே விதி தலைகீழாக உதவிக்கு வருகிறது. எடை 125இல் ஒன்றாகக் குறைந்தபோது, தாங்குகிற பரப்பு 25இல் ஒன்றாகத்தான் குறைந்தது. ஆகவே இறக்கையின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமக்க வேண்டிய பாரம் ஐந்தில் ஒன்று. உண்மை விமானத்துக்குத் துரலுமின் என்ற அலுமினியக் கலப்புலோகம் தேவைப்பட்ட இடத்தில் மாதிரிக்குப் பால்சா மரம் போதும். ஈக்வடாரிலிருந்து வருகிற இந்த மரத்தின் ஒரு கன மீட்டர் எடை பெரும்பாலும் 100 முதல் 200 கிலோவுக்குள் இருக்கும். தேக்கு 600 கிலோவுக்கு மேல்.

எனவே உள்ளே இருக்கிற விலா எலும்புகளையும் நீளக் கட்டைகளையும் அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. தேவையில்லாத வலுவுக்காக எடையைச் சுமப்பதாகும் அது. வெளியே இருப்பது உண்மையான நாட். உள்ளே இருப்பது வேறொரு விமானம். இதுதான் நம் முதல் விட்டுக்கொடுப்பு.

சிவகாசித் தகடு

வெளியே வருவோம். உலகெங்கும் பெரிய அளவு மாதிரி செய்கிறவர்கள் விமானத்தின் மேல்தோலுக்குத் தேடிப்போவது அச்சகத்தை. ஆஃப்செட் அச்சுக்குப் பயன்படுகிற அலுமினியத் தகடு அவர்களுக்குத் தங்கம். இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் கிளென் 11 ஆண்டுகள் உழைத்துச் செய்த 1:5 ஸ்பிட்ஃபயர் மாதிரி இப்போது லண்டன் ஹெண்டனில் உள்ள ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மர உடம்பின் மேல் அவர் ஒட்டியது அச்சுத் தகட்டைத்தான். பூம்பாறைக்காரருக்கு இது கொடுப்பினை. மலையிறங்கினால் சிவகாசி, அங்கே நாள்காட்டியும் பாடநூலும் அச்சடித்து முடித்த தகடுகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன.

இந்தத் தகட்டின் தடிமன் பொதுவாக 0.15 முதல் 0.3 மில்லிமீட்டர். ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: 0.75 முதல் 1.5 மில்லிமீட்டர். ஒரு சின்னப் போர் விமானத்தின் தோல் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் சந்தையில் கிடைக்கிற பொருளும் அளவுகோலும் தாமாகவே ஒத்துப்போகின்றன. உண்மை விமானத்தில் ரிவெட் வரிசைகளுக்கு நடுவே தகடு லேசாக உள்வாங்கி, வெயில் படும்போது அலையடிக்கும். அதே நெளிவு மாதிரியிலும் தானாக விழும். பெயின்டால் எவ்வளவு முயன்றாலும் இதைப் பொய்யாகக் கொண்டுவர முடியாது.

அச்சுத் தகடு விறைப்பானது. மூக்குப் பகுதியின் வளைவுக்கு அதை அடங்கவைக்கச் சூடேற்றி இளக்க வேண்டும். உருட்டும்போது உலோகத்தின் படிகங்கள் நசுங்கி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் விறைப்பு வருகிறது. 350 டிகிரி செல்சியஸை ஒட்டி அந்தப் படிகங்கள் புதிதாக உருவாகிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். கஷ்டம் எங்கே என்றால், அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்காது. பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். 660 டிகிரியில் சட்டென்று உருகி ஒழுகிவிடும். அதற்குப் பழைய தகட்டு வேலைக்காரர்களின் தந்திரம் ஒன்று உண்டு. தகட்டில் குளியல் சோப்பால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அடுப்புச் சுடரை அடியில் மெதுவாக நகர்த்த, கோடு முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும். கறுத்ததும் சுடரை எடுத்துவிட வேண்டும். ஆறியதும் தகடு விரலால் அமுக்கினாலே வளையும்.

ரிவெட்டுகள் அடுத்தது. 3 மில்லிமீட்டர் தலையுள்ள ரிவெட் மாதிரியில் 0.6 மில்லிமீட்டர். அதிவேக விமானங்களில் இந்தத் தலைகள் தோலோடு தோலாகப் பதிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது ஒரு மெல்லிய வட்டம்தான். மருந்துக் கடையில் கிடைக்கிற சிரிஞ்சு ஊசியின் கூரான முனையை அரத்தில் தேய்த்துத் தட்டையாக்கினால், நுனி ஒரு குட்டி வளையமாகிவிடும். எஃகுச் சட்டம் வைத்து, பென்சில் கோட்டின் மேல் சம இடைவெளியில் அதை அழுத்தி அரைச் சுற்று திருப்ப, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு ரிவெட். இது ஆயிரக்கணக்கில் நடக்க வேண்டும். ஒரு வட்டம் கோட்டைவிட்டு விலகினால் முழு வரிசையும் அதைக் காட்டிக்கொடுக்கும். நேர்கோட்டிலிருந்து நகர்ந்த புள்ளியை மனிதக் கண் அவ்வளவு நுட்பமாகப் பிடித்துவிடுகிறது.

மூடுபனியின் வேலை

பூம்பாறையில் மரத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வதென்றால் மூடுபனியோடும் உறவாட வேண்டும். மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், வெளியிடும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் எடையில் 11 சதவீத அளவு நீர் நிற்கும். 90 சதவீத ஈரப்பதத்தில் அது 20ஐ எட்டும். நீர் போய் அமர்வது மரச்செல்களின் சுவரில். சுவர் தடிக்கும்போது மரம் இழையின் குறுக்கே விரியும். இழையின் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. 10 சென்டிமீட்டர் அகலப் பலகை மழைக்காலத்தில் 2 மில்லிமீட்டர் வரை அகலமாகலாம். ஐப்பசி அடைமழையில் வெட்டி ஒட்டிய உடற்பகுதி மாசி வெயிலில் சுருங்கும்போது, மேலே ஒட்டிய அலுமினியம் கூடவே சுருங்காது. தகடு புடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பட்டி பார்த்த இடம் விரிசல் விடும்.

பிளைவுட் இதற்கான பதில். அடுத்தடுத்த ஏடுகளின் இழையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஒன்று விரிய நினைத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். ஆகவே அளவு மாறக்கூடாத சட்டங்களுக்குப் பிளைவுட், இடைவெளியை நிரப்பப் பால்சா, எல்லாவற்றுக்கும் உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ். வார்னிஷ் ஈரத்தை அறவே நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். ஒரு நாள் மூடுபனி மரத்துக்குள் இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும்.

மூடுபனி இன்னொரு பழைய நம்பிக்கையையும் சோதிக்க உதவுகிறது. மாதிரிக்கு அடிக்கிற நிறம் அசலைவிடச் சற்று வெளுத்திருக்க வேண்டும் என்பது இந்தக் கலையில் வழிவழியாக வரும் அறிவுரை. காரணமும் சொல்வார்கள்: 1:5 மாதிரியை 3 மீட்டரில் பார்ப்பது அசலை 15 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம், இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுப்பாக்கும். தொலைவிலுள்ள மலைகள் நீலம் பூத்து மங்குவதைத் தினமும் பார்க்கிற ஊரில் இது உடனே நம்பத் தோன்றும். கணக்குப் போட்டால் நிற்கவில்லை. 20 கிலோமீட்டர் வரை கண் தெரிகிற தெளிந்த நாளில் 15 மீட்டர் காற்று மறைப்பது ஒளியில் 0.3 சதவீதம்தான், எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. 200 மீட்டருக்கு மேல் கண் தெரியாத மூடுபனி நாளில் மட்டும் இதே 15 மீட்டர் நாலில் ஒரு பங்கை விழுங்கும்.

அப்படியானால் அறிவுரை பொய்யா? பலன் மெய், காரணம்தான் வேறு. உச்சிவெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். வீட்டு அறையில் சில நூறு. வெளிச்சம் குறையும்போது நிறங்கள் நமக்கு மங்கித் தெரிகின்றன. வெயிலில் நிற்கிற விமானத்தின் நிறத்தை அப்படியே அறைக்குள் கொண்டுவந்தால் அது இருண்டுபோய்த் தெரியும். வெளுக்க அடிப்பது, சூரியன் இல்லாத குறையை ஈடுகட்ட.

காற்றை எப்படிச் சுருக்குவது

இதுவரை பார்த்தது பார்வைக்கான மாதிரி. பறக்கவும் வேண்டும் என்றால் கதை மாறுகிறது.

1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் கண்ணாடிக் குழாயில் நீரை ஓடவிட்டு, நடுவில் சாயக் கோடு ஒன்றை இழையாக விட்டுப் பார்த்தார். வேகம் குறைவாக இருந்தவரை கோடு கலையாமல் ஓடியது. ஓர் எல்லையைத் தாண்டியதும் கலங்கிச் சுழன்றது. எல்லையைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமல்ல என்று அவர் கண்டார். வேகம், குழாயின் அகலம், திரவத்தின் அடர்த்தி மூன்றையும் பெருக்கி, பாகுநிலையால் வகுத்தால் கிடைக்கிற எண்தான் ஓட்டத்தின் குணத்தைச் சொல்கிறது. அதுவே ரெனால்ட்ஸ் எண். எண் பெரிதானால் காற்று தன் வேகத்தின் போக்கில் ஓடும். சிறிதானால் பிசுபிசுப்பின் பிடி இறுகும்.

நாட் விமானத்தின் இறக்கை சராசரியாக 1.9 மீட்டர் அகலம். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் அதன் ரெனால்ட்ஸ் எண் சுமார் 1 கோடியே 30 லட்சம். மாதிரியின் இறக்கை 38 சென்டிமீட்டர். நொடிக்கு 45 மீட்டரில் பறந்தால் சுமார் 11 லட்சம். பதினொரு மடங்கு குறைவு. உருவத்தை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும், இறக்கையைத் தொடுகிற காற்றுக்கு இது வேறு இறக்கை. மேற்பரப்பை ஒட்டிய காற்றுப் படலம் சீக்கிரம் பிய்ந்துகொள்ளும். தூக்குவிசை முன்னதாகவே கைவிடும்.

எண்ணைச் சமன்செய்ய வழி உண்டா? வேகத்தை ஐந்து மடங்காக்கலாம். ஆனால் நொடிக்கு 500 மீட்டர் என்பது ஒலியைத் தாண்டிய வேகம். அங்கே அதிர்வலைகள் வந்து ஓட்டத்தையே மாற்றிவிடும். இன்னொரு வழி, காற்றை அடர்த்தியாக்குவது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன மாக்ஸ் முங்க் இதைத்தான் யோசித்தார். 1920களின் தொடக்கத்தில் லாங்லி ஆய்வகத்தில், எஃகுத் தொட்டி ஒன்றுக்குள் காற்றுச் சுரங்கத்தையே அடைத்து, 20 வளிமண்டல அழுத்தம் வரை ஏற்றினார்கள். 20இல் ஒரு பங்கு மாதிரியைச் சுற்றி 20 மடங்கு அடர்ந்த காற்று ஓடும்போது, ரெனால்ட்ஸ் எண் அசல் விமானத்துக்கே ஒத்துவந்தது. பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கமும் அழுத்தத்தில் சேமித்த காற்றைச் சிறிது நேரத்துக்குத் திறந்துவிட்டுத்தான் சோதிக்கிறது. இந்திய விமானங்கள், ராக்கெட்டுகளின் மாதிரிகள் பலவும் அதன் வழியே வந்தவை.

மூன்றாவது வழி, சுருக்காமலே இருப்பது. இதற்கு அழகான உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956இல் பெங்களூரு வந்து, எச்.எஃப்.24 மாருத் போர் விமானத்தை வடிவமைக்கத் தொடங்கினார். ஜெட் எந்திரத்தோடு முதல் விமானம் தயாராகுமுன், அதே அளவில், அதே வடிவில், எந்திரமே இல்லாத மர விமானம் ஒன்றைச் செய்தார்கள். பெயர் எக்ஸ்-241. 1959இல் டகோட்டா விமானம் ஒன்று அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு மேலே போய் விட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட முறை மிதந்து இறங்கி, பின்னால் வரப்போகிற விமானம் மெதுவான வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தது. 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் உண்மையான மாருத்தில் பறந்தார். எக்ஸ்-241ஐச் செய்தவர்கள் விட்டுக்கொடுத்தவை உலோகம், எந்திரம், வேகம் மூன்றும். காப்பாற்றியது அளவையும் வடிவையும்.

பூம்பாறை வானில்

நம் நாட் மாதிரிக்கு வருவோம். 24 கிலோ எடை, அரைச் சதுர மீட்டர் இறக்கை. இந்திய ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கு 25 கிலோ என்று வரம்பு வைத்து, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் ஓட்டச் சொல்கின்றன. ஒரு கிலோ மிச்சத்தில் தப்பித்துவிட்டோம்.

கடல் மட்டத்தில் இது விழாமல் மிதக்க மணிக்கு 90 கிலோமீட்டர் வேண்டும். பூம்பாறையில் காற்று 17 சதவீதம் அடர்த்தி குறைவு. வேகத்தின் இருமடியோடு தூக்குவிசை ஏறுவதால், அந்த 17 சதவீதத்தை ஈடுகட்ட 10 சதவீத வேகம் கூட்டினால் போதும்: மணிக்கு சுமார் 99 கிலோமீட்டர். எந்திரமும் அதே மெலிந்த காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறது. அசல் நாட் விமானத்தின் ஆர்ஃபியஸ் எந்திரத்துக்கு 2,100 கிலோவுக்கு மேல் உந்துவிசை. அதே விகிதத்தில் மாதிரிக்கு 17 கிலோ. மாதிரி ஜெட் எந்திரம் ஒன்று இதைத் தரும், ஆனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்றுதான். எந்திரத்துக்குள் சுழலும் தகடுகளின் நுனி வேகம் குறையக் கூடாது, விட்டம் மட்டும் குறைந்துவிட்டது என்றால் சுற்று ஏறியே ஆக வேண்டும். கடல் மட்டத்தில் 17 கிலோ தள்ளுகிற எந்திரம் பூம்பாறையில் 14ஐத் தொட்டாலே பெரிது.

இத்தனைக்கும் மேல் நேரம் என்ற சிக்கல். புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. அதனால் ஐந்தில் ஒரு பங்கு பொருளின் எல்லா அசைவுகளும் ஐந்தின் வர்க்கமூலம் மடங்கு, அதாவது 2.24 மடங்கு விரைவாக நடந்து முடியும். மினியேச்சர் வைத்துப் படமெடுத்த சினிமாக்காரர்களுக்கு இது தெரியும். நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதிலாக 54இல் எடுத்து, 24இல் ஓட்டினால்தான் குட்டி விமானம் கனமாகச் சாயும். கையில் ரிமோட்டோடு தரையில் நிற்கிறவருக்கு அந்த வசதி இல்லை. செகோன் ஒரு நொடி எடுத்துக்கொண்ட முடிவை அவர் அரை நொடிக்குள் எடுத்தாக வேண்டும். மனித நரம்பை யாரும் 1:5இல் செய்து தரவில்லை. நடிகர் அஜித்குமார், மாதிரி விமானம் ஓட்டுவதைப் பொழுதுபோக்காக மட்டும் பார்க்காமல், 2018இல் எம்.ஐ.டி.யின் தக்‌ஷா ஆளில்லா விமானக் குழுவுக்கு ஆலோசகராகவும் சோதனை ஓட்டுநராகவும் போய் நின்றதற்குள் இருப்பது இந்தக் கைப்பழக்கத்தின் மதிப்பு.

மணிக்கு 99 கிலோமீட்டரில் இறங்குவதற்கு நூறு மீட்டருக்கு மேல் சமதளம் வேண்டும். பூம்பாறையில் இருப்பது படிக்கட்டு வயல். ஜெட் இங்கே தோற்றுவிட்டது.

தோற்ற இடத்திலேயே வழியும் இருக்கிறது. பிரிட்டனின் மேடுகளிலும் கலிஃபோர்னியாவின் கடற்கரைச் சரிவுகளிலும், எந்திரத்தில் பறந்த விமானங்களின் உருவத்தை எந்திரமே இல்லாமல் செய்து, சரிவில் மோதி மேலேறுகிற காற்றில் மிதக்கவிடுகிறவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். நம் நாட் மாதிரியை அலுமினியம் இல்லாமல் பால்சாவும் நுரைப்பலகையும் கொண்டு 4 கிலோவில் செய்தால், அது மிதக்கத் தேவையான வேகம் மணிக்கு 45 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். நொடிக்கு சுமார் ஒன்றரை மீட்டர் வீதம் அது காற்றில் அமிழும். 25 டிகிரிச் சரிவில் நொடிக்கு 6 மீட்டர் காற்று நேராக வந்து மோதினால், மேல்நோக்கிய பகுதி 2.5 மீட்டர். வரவு செலவைவிட அதிகம், விமானம் நிற்கும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிற நாட்களில் இந்த மலைச்சரிவுகளில் அதற்குப் பஞ்சமில்லை. சுற்றிலும் வனவிலங்குச் சரணாலயம் என்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு, பயிர் இல்லாத புல்மேடு பார்த்துத்தான் பறக்கவிட வேண்டும்.

ஆக, ஒரே விமானத்துக்கு இரண்டு மாதிரிகள் நம் கையில். ஒன்று பறக்காது, ஆனால் ரிவெட்டும் தகட்டின் நெளிவும் அசல். மற்றது பறக்கும்; ஆனால் தோலும் எடையும் பொய், தூரத்தில் தெரிகிற நிழலுருவம் மட்டும் மெய். எது சரியான நாட் என்ற கேள்விக்கு விடை கிடையாது. எந்தக் கேள்விக்காகச் செய்தோம் என்பதற்குத்தான் விடை உண்டு. விஞ்ஞானிகள் செய்கிற மாதிரிகளுக்கும் இது பொருந்தும். மழையை முன்கூட்டிச் சொல்கிற கணினி மாதிரியும் எல்லாவற்றையும் சுருக்கி உள்ளே போடுவதில்லை. சிலவற்றைத் துல்லியமாக வைத்து, சிலவற்றைத் தோராயமாக விட்டு, அந்த விலையை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே இனி எங்காவது ஒரு மாதிரியைப் பார்த்தால் அதன் பீடத்தில் பொறித்த 1:5 என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். இதில் எது அளவு மாறாமல் இருக்கிறது, எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று செய்தவரிடம் கேளுங்கள். நல்ல கைவினைஞர் இரண்டாவது பட்டியலைத்தான் முதலில் சொல்வார்.